காற்றாற் குளிரும் இயந்திரம்

யப்பானின் புக்குசிமா டாயிச்சி அணுமின் நிலையத்திற் சுழலிகளைச் சுழற்றியது நீராவி; அந்நீராவியைக் குளிர்வித்து மீண்டும் நீராக்கியது கடல். சுழலியை நிறுத்திவிடலாம், அணு உலையில் எஞ்சும் வெப்பத்தை அவ்வாறு நிறுத்துதல் இயலாது. ஆகவே, வெளிமின்சாரம் அற்றபோதும் குளிர்நீர்ப் பம்பிகளை இயக்குதற்கு டீசல் மின்பிறப்பாக்கிகள் இருந்தன. அவற்றுட் பல சுழலி மண்டபங்களின் நிலவறையில் வைக்கப்பட்டவை; தாமும் கடல்நீராற் குளிர்பவை. காவலனுக்கே காவல் வேண்டிய நிலை!

1990களில் காற்றாற் குளிரும் மின்பிறப்பாக்கிகள் மூன்று மேலதிகமாக வாங்கப்பட்டன. அவற்றுள் ஆறாம் உலைக்குரியது, 13 மீற்றர் உயரத் தரையில் தனிக் கட்டடத்தில் நிறுவப்பட்டது. 2008இல் நிலைய உரிமையாளரின் கணிப்பொன்று, கடல் 15.7 மீற்றர் வரை எழக்கூடுமெனக் காட்டியது. மேலும் ஆராயவேண்டுமென்று காரியம் தள்ளிவைக்கப்பட்டது. அறியாமல் நேர்ந்த தாமதம் அன்று இது.

2011 மார்ச் 11ஆம் நாள் நிலநடுக்கம் வெளிமின்சாரத்தைத் துண்டித்தது. ஒரு மணி நேரத்துள் பேரலை வந்தது. நிலவறைகள் மூழ்கின, கரையோரப் பம்பிகள் பழுதாயின. இரண்டாம், நான்காம் உலைகளுக்குரிய காற்றுக்குளிர் இயந்திரங்களை வெள்ளம் கெடுக்கவில்லை. ஆயினும் அவற்றின் மின்சாரத்தைப் பகிரும் ஆளிப்பலகைகள் நீருள் அமிழ்ந்தன. இயந்திரம் வாங்கியோர் பலகையின் இடத்தை எண்ணிப் பார்த்திலர். முதல் மூன்று உலைகளிலும் எரிபொருள் உருகியது.

ஆறாம் உலையின் அந்த ஓர் இயந்திரம் மட்டும் ஓய்வின்றி ஓடியது. பராமரிப்புக்காக நிறுத்தப்பட்டிருந்த ஐந்தாம் உலைக்கும் அதிலிருந்தே கம்பி இழுத்தனர். கரையில் தற்காலிகப் பம்பிகள் பொருத்தப்பட்டன. மார்ச் 20ஆம் நாள் அவ்விரு உலைகளும் குளிர்ந்து அடங்கின.