நம் பகுதியில் வீட்டுச் செபம்: ஒரு வரலாற்றுப் பார்வை



ஜூபிலி மலர் என்றால் அதில் கோவில் வரலாறு இடம்பெறும். அடிக்கல் நாட்டிய ஆண்டு, மணிக்கூண்டு எழுப்பிய குருவானவர், கெபி கட்டக் காணிக்கை தந்தோர் எல்லாம் கணக்குப் புத்தகத்தில் கிடைத்துவிடும். யார் எப்போது ஞானஸ்நானம் பெற்றார் என்பதற்கும் பதிவேடு உண்டு. வீட்டில் விளக்கேற்றிச் சொன்ன செபத்துக்குத்தான் பதிவேடே இல்லை. அதைப் பற்றியே இங்குச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறோம்.

1542-ல் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித பிரான்சிஸ் சவேரியாருக்குத் தமிழ் தெரியாது. தமிழறிந்தோர் துணையோடு விசுவாச மந்திரம், பரலோக மந்திரம், பிரியதத்த மந்திரம், பத்துக் கற்பனைகள் ஆகியவற்றைத் தமிழாக்கி, மனப்பாடம் செய்துகொண்டார். பிறகு கையில் மணியை எடுத்துக்கொண்டு தெருவில் நடந்து பிள்ளைகளைக் கூட்டினார். அவர்கள் கற்றதைத் தாய் தந்தையருக்கும் அண்டை வீட்டாருக்கும் கற்பிக்க வேண்டும் என்பது அவர் செய்த ஏற்பாடு. பிள்ளைகளின் வாய்வழியாகவே செபம் அந்த வீடுகளுக்குள் புகுந்தது. பின்னர் 1578 அக்டோபர் 20-ல் அண்டிரிக் அடிகளார் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்னும் 16 பக்க நூலை அச்சேற்றினார். இந்திய மண்ணில் தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூல் அது. அதுவும் செபமும் ஞானோபதேசமும் அடங்கியதே! தமிழ் அச்சுக்குப் பிள்ளையார் சுழி போட்டது நம் செபப் புத்தகம் என்று சொன்னால் நம் இந்து நண்பர்களும் சிரித்து மகிழ்வார்கள்.

கொங்கு நாட்டுக்கு வேதம் வந்தது 17-ஆம் நூற்றாண்டில், மதுரை மிஷனின் சேசு சபைக் குருக்கள் வழியாக. ஒரு குருவுக்குப் பல நாள் நடைதூரம் விரிந்த பகுதி. அவர் ஓர் ஊருக்கு வந்து, பாவசங்கீர்த்தனம் கேட்டு, பூசை வைத்துப் போனால் மறுபடி எப்போது வருவாரோ! இடைப்பட்ட காலத்தில் உபதேசியாரே சபையைக் கூட்டிச் செபம் சொல்லுவார். வீரமாமுனிவர் 'வேதியர் ஒழுக்கம்' எழுதியதே இந்த உபதேசிமார்களுக்காகத்தான். 1773-ல் பாப்பரசர் சேசு சபையைக் கலைத்தபோது நிலைமை இன்னும் மோசமாயிற்று. அதன்பின் வந்த பாரீஸ் வேதபோதக சபைக் குருக்களோ விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். குருவின் முகம் காணாமலே ஆண்டுகள் கழிந்த ஊர்களில் வேதம் அழியாமல் இருந்ததென்றால், மாலை மங்கியதும் பாட்டியின் மடியருகே முழந்தாளிட்ட பிள்ளைகளை அல்லவா நாம் நினைக்க வேண்டும்?

நமக்கு மேற்கே, கோவை செல்லும் சாலையிலுள்ள கருமத்தம்பட்டி இதற்குச் சாட்சி. இந்தப் பகுதியின் பழைய தாய்க்கோவில் செபமாலை அன்னையின் பெயரால் விளங்குகிறது. மெல்கியோர் தெ மரியோன் பிரெசில்லாக் ஆண்டகை 1846 அக்டோபர் 4-ல் ஆயராக அபிஷேகம் பெற்றது அங்கேதான். அன்று ஞாயிற்றுக்கிழமை, அக்டோபர் முதல் ஞாயிறு அக்காலத்தில் செபமாலை மாதா திருநாள். கோவை 1886-ல் மறைமாவட்டமாயிற்று. கருமத்தம்பட்டி ஆலயம் 2019-ல் பசிலிக்காவாக உயர்த்தப்பட்டது.

இது காடு தோட்டத்தின் காலம். பொழுது சாய்ந்தால் வேலை நின்றது, வேலை நின்றால் செபம் தொடங்கிற்று. 1930-களில் பைக்காரா மின்சாரம் கொங்கு நாட்டுக்கு வந்தது. பனியன் கம்பெனிகள் பெருகின. பின்னர் ஏற்றுமதி வளர்ந்தது. தென்மாவட்டங்களிலிருந்து குடும்பங்கள் வந்து சேர்ந்தன. பிழைப்பு கிடைத்தது, பொழுது சாய்வதுதான் தெரியாமல் போயிற்று. காலை எட்டரைக்குப் போனவர்கள் ஒன்றரை ஷிப்டு முடித்து இரவு எட்டரைக்கு வெளியே வருகிறார்கள். ஷிப்மெண்ட் அவசரம் என்றால் அதுவும் இல்லை.

இங்கே நம் குற்றத்தையும் ஒத்துக்கொள்ள வேண்டும். அன்பியச் செபத்தை மாலை ஏழு மணிக்கு வைத்தோம். வந்தவர்கள் வயோதிகர்களும் சிறு பிள்ளைகளுமே. வராதவர்களைப் பிரசங்க மேடையிலிருந்து பலமுறை கடிந்துகொண்டோம். குடும்பம் ஒன்றுகூடுவதே இக்காலத்தில் எளிதன்று என்பதைப் பாப்பரசர் ஆறாம் சின்னப்பர், செபமாலையைக் குடும்பங்களுக்குப் பரிந்துரைத்த 1974-ஆம் ஆண்டு மடலிலேயே ஒத்துக்கொண்டிருந்தார். அதை நாம் குருமடத்தில் படித்ததுண்டு. படித்தது நினைவில் நின்றதில்லை.

ஒருநாள் வீடு மந்திரிக்கப் போன இடத்தில், செக்கிங் வேலை பார்க்கும் ஒரு தாய் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "ஏழு மணிக்கு நான் மேசையில நின்னுட்டிருப்பனுங்க சாமி. ஒரு கட்டு பீஸ் பாத்து முடிக்கறதுக்குள்ள ஒரு தேவ இரகசியம் முடிஞ்சிருமுங்க. அஞ்சு கட்டு பாத்தா செபமாலையே ஆயிரும். சத்தமா மட்டும் சொல்ல முடியாதுங்க." அவர் வராதவர் பட்டியலில் இருந்தவர். நமக்குச் சொல்ல வார்த்தை இல்லை. தீர்த்தம் தெளித்துவிட்டு வந்தோம்.

இப்போது வடநாட்டிலிருந்து வந்த கத்தோலிக்க இளைஞர்களும் நம்மிடையே வேலை செய்கிறார்கள். அவர்களுடைய செபமாலை இந்தி மொழியில் ஒலிக்கிறது. நமக்கு வார்த்தை புரியாவிட்டாலும் எத்தனையாவது மணியில் இருக்கிறார்கள் என்பது தெரிகிறது.

நம் அன்பியங்களில் இரண்டு இப்போது இரவு ஒன்பதரைக்குக் கூடுகின்றன. முதல் வாரம் நாமே போயிருந்தோம். குளித்துவிட்டு ஈரத்தலையோடு வந்து அமர்ந்தவர்கள் பதினான்கு பேர். இரண்டாம் தேவ இரகசியத்திலேயே இரண்டு பேர் தூங்கிவிட்டார்கள். யாரும் எழுப்பவில்லை.