விலை குறைந்த துப்பாக்கியின் விலையைக் கொடுப்பவர் யார்?
செஞ்சி வட்டாரத்தை முன்வைத்து நாட்டுத் துப்பாக்கி உடைமை பற்றி ஓர் ஆய்வு

1. சிக்கலின் களம்

செஞ்சிக்கு வடக்கே, அரங்கநாதர் பள்ளிகொண்ட சிங்கவரம் குன்றைச் சுற்றியுள்ள கொல்லைகளில் மணிலா எனப்படும் நிலக்கடலை காய் பிடிக்கும் பருவம், குடியானவர் வீட்டில் உறக்கம் கெடும் பருவம். காட்டுப்பன்றிக் கூட்டம் இறங்கிய கொல்லையில் விடிந்ததும் போய் நின்றால் மண் குழிகுழியாகக் கிளறிக் கிடக்கும். செடிகள் மல்லாந்து கிடக்கும். வேரில் காய் இருக்காது. விதைக்கும் உழவுக்கும் களையெடுப்புக்கும் கடன் வாங்கிப் போட்ட பணம் ஓரிரவில் போய்விடும்.

இந்த இழப்பின் முன் நிற்பவர் கைக்கு எட்டும் கருவிகளில் ஒன்று நாட்டுத் துப்பாக்கி. குழலின் வாய்வழியே கருமருந்தும் ரவையும் போட்டுக் கெட்டித்துச் சுடும் ஒற்றைக்குழல் ஆயுதம் அது. காவல்துறைப் பதிவுகளில் ‘எஸ்பிஎம்எல்’ என்று வருவதும் இதுவே. தொழிற்சாலைத் துப்பாக்கியோடு ஒப்பிட்டால் விலை மிகக் குறைவு. உள்ளூர்ப் பட்டறையிலேயே செய்யப்படுவதால் உரிமமும் ரசீதும் இல்லாமல் கைமாறுகிறது.

இதை வைத்திருப்பது நன்மையா, தீமையா என்னும் கேள்விக்கு இருபுறமும் நியாயம் உண்டு. ஆனால் நன்மை தீமைகளை எண்ணிக் கூட்டிக் கழிப்பதற்கு முன் ஒன்றைக் கேட்க வேண்டும்: விலை குறைந்த அந்த ஆயுதத்தில் குறைந்துபோன தொகையை வேறு யார், எப்போது, எந்த வடிவில் கொடுக்கிறார்கள்? இக்கட்டுரையின் வாதம் இதுதான்: நாட்டுத் துப்பாக்கியின் மலிவு ஒரு சேமிப்பு அன்று, வைத்திருப்பவர் தலையிலிருந்து பிறர் தலைக்கு மாற்றிவைக்கப்பட்ட இழப்பு. அந்த இழப்பை அவர் தலையில் முதலில் ஏற்றியதில் அரசுக்கும் பங்கு உண்டு.

2. ஆயுதமும் சட்டமும்

செஞ்சி மண்ணுக்குத் துப்பாக்கி புதிது அன்று. 1677இல் சிவாஜியின் கைக்கு வந்த செஞ்சிக் கோட்டையை 1690 முதல் 1698 வரை முகலாயப் படை முற்றுகையிட்டது. 1750இல் பிரெஞ்சுக்காரரும் 1761இல் ஆங்கிலேயரும் கோட்டையைக் கைப்பற்றினர். இந்தப் போர்களில் வெடித்த ஆயுதம் அனைத்தும் அரசுகளுக்கும் படைகளுக்கும் உரியது. குடிமக்களின் ஆயுதம் பற்றிய கேள்வி, ஆட்சி ஒரே கையில் குவிந்த பிறகு எழுந்தது. பாளையக்காரர் போர் முடிந்த கையோடு, 1801 டிசம்பரில் சென்னை ஆளுநர் எட்வர்ட் கிளைவ் வெளியிட்ட பிரகடனம் தென்பகுதியில் ஆயுதங்களை ஒப்படைக்கக் கட்டளையிட்டது. லிட்டன் பிரபு காலத்து 1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் இந்தியர் உரிமமின்றி ஆயுதம் வைத்திருப்பதைத் தடுத்தது. ஐரோப்பியருக்கு விலக்கு அளித்தது. இந்த அவமதிப்பின் எதிரொலியாகவே 1931 கராச்சி காங்கிரசின் அடிப்படை உரிமைத் தீர்மானத்தில், ஒழுங்குமுறைகளுக்கு உட்பட்டு ஆயுதம் தாங்கும் உரிமையும் இடம்பெற்றது. எனினும் 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எச்.வி. காமத் அவ்வுரிமையைச் சேர்க்கக் கோரியபோது அம்பேத்கர் அதை ஏற்கவில்லை. விடுதலை பெற்ற இந்தியாவில் துப்பாக்கி அடிப்படை உரிமையாகாமல் உரிமத்துக்கு உட்பட்ட சலுகையாகவே நின்றது.

ஆனால் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் அதிகம் பேசப்படாத இரண்டு விதிகள் உள்ளன. உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்காக வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியைக் கேட்பவருக்கு, மறுப்பதற்குச் சட்டம் கூறும் காரணங்கள் இல்லாதபோது, உரிமம் வழங்க வேண்டும் என்கிறது 13ஆம் பிரிவு. போதிய சொத்து இல்லை என்பதை மட்டும் காரணம் காட்டி எவருக்கும் உரிமம் மறுக்கக்கூடாது என்கிறது 14ஆம் பிரிவு. அதாவது ஏழைக் குடியானவரையும் அவருடைய எளிய துப்பாக்கியையும் சட்டம் எழுதியவர்கள் மனத்தில் கொண்டிருந்தார்கள்.

பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 1972இல் வனவுயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பயிரை அழிக்கும் விலங்கானாலும் தலைமை வனவுயிரினக் காப்பாளர் அல்லது அவர் அதிகாரமளித்த அலுவலரின் எழுத்துமூல அனுமதியின்றிக் கொல்லக்கூடாது என்ற நிலை ஏற்பட்டது. பயிர் காக்கத் துப்பாக்கி தரும் விதி ஒரு சட்டத்தில் இருக்கிறது; அந்தத் துப்பாக்கியின் இலக்கைப் பாதுகாக்கும் விதி இன்னொரு சட்டத்தில் இருக்கிறது. இரண்டுக்கும் இடையே நிற்பவர் மணிலாக் கொல்லைக்காரர்.

3. சாதக வாதங்கள்

நாட்டுத் துப்பாக்கிக்கு ஆதரவான வாதங்களை அவற்றின் முழு வலிமையோடு எடுத்துக்கொள்வதே நேர்மை. முதலாவது வாழ்வாதாரம். காவல் பரணில் தகரம் தட்டுவதும் பட்டாசு வெடிப்பதும் சில நாட்களுக்குப் பயன் தரும். பன்றிகள் பழகிவிட்டால் அந்தச் சத்தத்தைப் பொருட்படுத்துவதில்லை. ஒருமுறை வெடித்த துப்பாக்கியின் அச்சம் அதைவிட நீண்ட நாள் நிற்கிறது.

இரண்டாவது சமத்துவம். விலை உயர்ந்த துப்பாக்கிக்கு உரிமம் பெற்றுப் பண்ணை வீட்டில் வைத்திருப்பவர் மதிப்புக்குரியவர், பட்டறைத் துப்பாக்கி வைத்திருப்பவர் குற்றவாளி என்றால் அந்தப் பிரிவினையில் வருமானத்தின் வாடை வீசுகிறது. அமெரிக்காவில் 1968ஆம் ஆண்டுத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் மலிவான சிறு கைத்துப்பாக்கிகளின் இறக்குமதியைத் தடுத்தபோதும், ஏழையின் தற்காப்பைப் பறிக்கும் சட்டம் என்ற எதிர்வாதம் எழுந்தது. நம் நாட்டிலேயே குடகு இனத்தவருக்கும் அங்குள்ள ‘ஜம்மா’ என்னும் பரம்பரை நில உரிமையாளருக்கும் உரிமத்திலிருந்து விலக்கு உண்டு. 2019இல் அது மேலும் பத்தாண்டுகளுக்கு நீட்டிக்கப்பட்டது. நரிக்குறவரோ தலைமுறை தலைமுறையாகத் துப்பாக்கியோடு அறியப்பட்டவர்கள். அரசின் அங்கீகாரம் அவர்களுக்குத் தாமதமாகவே வந்தது; அவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் சட்டமுன்வடிவு நாடாளுமன்றத்தில் நிறைவேறியதே 2022 டிசம்பரில்தான். மரபு என்பதற்காகச் சலுகை தருவதானால், எந்த மரபுக்குத் தருகிறோம் என்ற கேள்வி நியாயமானது.

மூன்றாவது, இந்தத் துப்பாக்கியின் மந்தம். ஒருமுறை சுட்டால் மறுபடி மருந்து போட்டு, நார் வைத்து, கம்பியால் இடித்துக் கெட்டிக்க நேரம் பிடிக்கும். கூட்டத்தில் புகுந்து பலரைக் கொல்ல இது உதவாது. 1959இன் சட்டம் இதைத் தனியே குறிப்பிட்டதற்கு இந்த மந்தமும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

4. பாதகம்: அருகில் பார்த்தால்

மூன்றாவது வாதத்தின் மறுபக்கம் அந்தத் துப்பாக்கியிலேயே இருக்கிறது. வாய்வழி கெட்டித்த மருந்தை எளிதாக வெளியே எடுக்க முடியாது. சுட்டுத் தீர்ப்பதே நடைமுறை. பன்றி வராத இரவில் சுடாமல் திரும்பும் துப்பாக்கி, கெட்டித்தபடியே வீட்டுச் சுவரில் சாய்கிறது. பகலில் அதே வீட்டில் குழந்தைகள் விளையாடுகிறார்கள். ஈரத்தை இழுக்கும் கருமருந்து, தட்டியதும் பற்றாமல் சற்றுத் தாமதித்து வெடிக்கவும் கூடும். வெடிக்கவில்லை என்று நினைத்துக் குழலைத் தன் பக்கம் திருப்பிப் பார்ப்பவரின் கண்ணும் கையும் அந்தச் சில நொடிகளுக்குப் பணயம்.

அடுத்தது குழல். தொழிற்சாலைத் துப்பாக்கியின் விலையில் ஒரு பகுதி சோதனைக்கான செலவு. வழக்கத்தைவிட மிகுந்த மருந்திட்டு வெடித்துப் பார்த்து, தாங்கிய குழலுக்கே முத்திரை இடுவார்கள். இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரத்தில் 1813இல் இதற்கென்றே சோதனைச் சாலை அமைந்தது. பட்டறைக் குழலுக்கு அப்படியொரு சோதனை கிடையாது. அதைச் சோதிப்பது வாங்கியவரின் தோளும் முகமும்தான்.

மூன்றாவது இருட்டு. பன்றி வருவது இரவில்; ரவை ஒரே புள்ளியில் பாயாமல் பரவிச் செல்வது. புதரின் அசைவைப் பன்றி என்று எண்ணி உடன்வந்தவரையே சுட்டுவிட்ட செய்திகள் தமிழக நாளிதழ்களில் திரும்பத் திரும்ப வருகின்றன. சுடப்பட்டவர் வேட்டைக்கு வந்தவராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஆடு தேடிப் போனவராகவோ தண்ணீர் பாய்ச்சப் போனவராகவோ இருக்கலாம். துப்பாக்கிக்கு உரிமம் இல்லாததால், காயம்பட்டவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோகவே உடனிருப்பவர்கள் அஞ்சுவார்கள்.

ஆயுதச் சட்டத்தின் 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருப்பவருக்குக் குறைந்தது இரண்டு ஆண்டு, கூடியது ஐந்து ஆண்டு சிறை. உரிமமின்றிச் செய்பவருக்குக் குறைந்தது ஏழு ஆண்டு, ஆயுள் வரையும் நீளலாம். தோள், கண், அடுத்தவர் உயிர், சிறைவாசம் ஆகிய நான்கையும் சேர்த்துக் கணக்கிட்டால் இதைவிட விலை கூடிய துப்பாக்கி இல்லை.

5. பறிமுதல் மட்டும் போதுமா?

கல்வராயன் மலை, ஜவ்வாது மலை போன்ற பகுதிகளில் காவல்துறை அவ்வப்போது கெடு விதிப்பதும், தாமாக ஒப்படைத்தால் வழக்கில்லை என்று அறிவிப்பதும், ஊர்ப் பொது இடத்தில் இரவோடிரவாகத் துப்பாக்கிகளை யாரோ வைத்துவிட்டுப் போவதும் பலமுறை நடந்திருக்கின்றன. மக்கள் தாமாகவே கைவிடத் தயாராக இருப்பதற்கு இது சான்று. ஆனால் துப்பாக்கி போன பிறகும் பன்றி வருகிறது. அந்த இடைவெளியை அதைவிட மலிவான, அதைவிடக் கண்மூடித்தனமான கருவிகள் நிரப்புகின்றன.

ஒன்று திருட்டு மின்வேலி. 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே அத்தகைய வேலியில் சிக்கி மூன்று யானைகள் மாண்டன. மனிதர்களும் இவ்வாறு இறந்துகொண்டே இருக்கிறார்கள். மற்றொன்று, தீனிக்குள் வெடிமருந்து பொதிந்த அவுட்டுக்காய். அதைக் கடித்து வாய் சிதைந்து, தின்ன முடியாமல் பட்டினியில் இறந்த யானைகளைக் கோவைப் பகுதி கண்டிருக்கிறது. துப்பாக்கியின் பின்னால் குறிபார்க்க ஒரு மனிதராவது இருக்கிறார். மின்கம்பிக்கும் அவுட்டுக்காய்க்கும் அதுவும் இல்லை.

அரசு இதை உணராமல் இல்லை. 2025 ஜனவரியில் அன்றைய வனத்துறை அமைச்சர் க. பொன்முடி ஒரு நடைமுறையை அறிவித்தார். காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுட அனுமதி இல்லை. ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். அதற்கு அப்பால் வனத்துறையினர் சுடலாம். சுடும் பொறுப்பைத் தனியாரிடம் விடாமல், பயிற்சி பெற்ற துறையினரிடம் ஒப்படைத்தது சரியான திசை. ஆனால் காட்டோரக் கொல்லைகளை நினைத்துப் பாருங்கள். செஞ்சி வட்டாரத்துக் காப்புக்காடுகளை ஒட்டிய நிலங்கள், பாதிப்பு கடுமையாக இருக்கும் அந்த முதல் கிலோமீட்டரிலேயே அடங்குகின்றன. அங்கே காட்டுயிரைக் காப்பது சரி. அதன் செலவை அந்தக் கொல்லைக்காரர் மட்டும் ஏற்பது சரியாகாது. கேரளம் 2022 முதல் உள்ளாட்சித் தலைவர்களுக்கே அனுமதி அதிகாரம் அளித்து, உரிமம் பெற்ற துப்பாக்கிக்காரர்களைப் பயன்படுத்துகிறது. முடிவு எடுக்கும் இடத்தை ஊருக்கு அருகில் கொண்டுவந்த வழி அது.

6. முடிவுரை

ஆகவே, தனியார் கையில் சோதிக்கப்படாத நாட்டுத் துப்பாக்கி இருப்பதை ஆதரிக்க இயலாது. அதை வைத்திருக்கும் குடியானவரைக் கைவிடவும் இயலாது. ஆயுதத்தை ஒப்படைக்கச் சொல்லும் அதே அறிவிப்பில், காட்டோர முதல் கிலோமீட்டருக்கு அரசுச் செலவில் வேலியும், அறுவடைக்கு முன் கைக்கு வரும் இழப்பீடும், அழைத்த இரவே வந்து சேரும் வனத்துறைக் குழுவும் உறுதியளிக்கப்பட வேண்டும். 13ஆம் பிரிவின்படி உரிமம் கேட்பவருக்கு, குழல் சோதனைக்கும் பாதுகாப்புப் பயிற்சிக்கும் பிறகு விரைவாக விடை சொல்ல வேண்டும். மறுப்பதானால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். இவை இல்லாத பறிமுதல், துப்பாக்கியை எடுத்துக்கொண்டு மின்கம்பியைக் கையில் கொடுப்பதாகவே முடியும்.

சிங்கவரத்தை அடுத்த திருநாதர்குன்றின் பாறையில் இருபத்துநான்கு தீர்த்தங்கரர் உருவங்கள் செதுக்கப்பட்டுள்ளன. அதே குன்றில், 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி என்னும் துறவியின் நிசீதிகை என்னும் நினைவுக் கல்வெட்டும் உள்ளது. கொல்லாமையைக் கொள்கையாகக் கொண்ட ஒருவர் தம் நோன்பின் முழுச் சுமையையும் தம் உடலிலேயே ஏற்றுக்கொண்டார். இன்று காட்டுயிரைக் காப்போம் என்று நாம் எல்லோரும் சேர்ந்து உறுதி பூண்டிருக்கிறோம். அதன் சுமையை மட்டும் அந்தக் குன்றுகளின் அடிவாரத்தில் மணிலா போட்டவரிடம் விட்டிருக்கிறோம். அவர் அதை ஒரு பட்டறைத் துப்பாக்கி வழியாக, இருட்டில் நடந்துபோகும் இன்னொரு ஏழையின் மேல் இறக்கிவைக்கிறார். உறுதி பூண்டவர்களே சுமையை ஏற்றால், அந்தத் துப்பாக்கிக்கு வேலை இருக்காது.