தோள் நோவும் முழு உடலும்



நம் பள்ளிவாசல்களில் முதல் ஸஃப்பில் நிற்கும் பெரியவர்களுள் சிலர், தக்பீரின்போது ஒரு கையை உயர்த்த இயலாமல் நெஞ்சளவிலேயே நிறுத்திக்கொள்வதைக் காண்கிறோம். அந்தக் கூச்சத்தினாலேயே ஜமாஅத்தைத் தவிர்ப்போரும் உளர். “அத்தா, கையை அசைக்காதீர்கள்” என்று பிள்ளைகள் அன்பினால் தடுப்பதும் உண்டு. இவ்விரண்டும் தேவைதானா என்பதை வரலாற்றின் துணையோடு ஆராய்வோம்.

குர்துபாவைச் சார்ந்த அஸ்ஸஹ்ராவி, முப்பது பகுதிகள் கொண்ட தமது ‘அத்தஸ்ரீஃப்’ நூலின் இறுதிப் பகுதியில், மூட்டு விலகினால் அதை மீண்டும் பொருத்தும் முறைகளை விளக்கினார். அவருக்குச் சற்றுப் பின் வாழ்ந்த இப்னு ஸீனா (980–1037), ‘அல்கானூன்’ நூலின் முதற்பாகத்தில் உடற்பயிற்சிக்குத் தனி இடம் அளித்தார். மூச்சை ஆழமாகவும் தொடர்ச்சியாகவும் வாங்கச் செய்யும், விருப்பத்துடன் மேற்கொள்ளும் அசைவே பயிற்சி என்பது அவரது வரையறை. அசைவை அவர் முழு உடலோடும் மூச்சோடும் இணைத்தே கண்டார்.

நெடுங்காலத்திற்குப் பின், பாஸ்டன் நகர மருத்துவர் எர்னஸ்ட் காட்மன் 1934இல் தோளைப் பற்றியே ஒரு நூல் வெளியிட்டார். ‘ஃப்ரோசன் ஷோல்டர்’ என்று இன்று நாம் கேள்வியுறும் பெயரை வழங்கியவர் அவரே. இடுப்பை முன்வளைத்துக் கையைத் தளர்வாகத் தொங்கவிட்டு, உடலை மெல்ல அசைத்தால் கை ஊசல்போல் ஆடும். இன்றும் அவர் பெயரால் வழங்கும் இப்பயிற்சியில் தோளின் தசைகள் உழைப்பதில்லை. உடலே கையை அசைக்கிறது.

1944இல் இன்மன் குழுவினர், கையை முழுதும் உயர்த்துகையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அசைவு தோள்மூட்டினுடையதன்று, முதுகிலுள்ள தோள்பட்டை எலும்பினுடையது என்று காட்டினர். டென்னிஸ் வீரர் பந்தைத் தொடங்கி அடிக்கும் ஆற்றலில் ஏறத்தாழப் பாதி கால், இடுப்பு, நடு உடல் ஆகியவற்றிலிருந்தே பிறக்கிறது என்றார் அமெரிக்க மருத்துவர் பென் கிப்ளர். ஆகவே, படியில் ஒரு கால் வைத்து ஏறியவாறே கையை உயர்த்துதல், இருக்கையிலிருந்து எழும்போதே கையை நீட்டுதல் போன்ற பயிற்சிகள் தோள் சிகிச்சையில் இடம்பெற்றன.

இவ்வுண்மை நம் ஊராருக்குப் புதிதன்று. திருச்சி காந்தி சந்தையில் மூட்டை தூக்குவோர் முழங்காலை மடக்கி, காலின் வலுவால் எழுகின்றனர். காவிரிக்கு அக்கரையில், திருவரங்கத்துத் திருவிழாக்களில் பல்லக்குச் சுமப்போர் ஒரே சீராக அடியெடுத்து வைக்கின்றனர். சுமை தோளில் இருப்பினும், அதைத் தாங்குவது பாதம் முதலான முழு உடலே.

ஆயினும் எச்சரிக்கை அவசியம். எலும்பு முறிவு, மூட்டு விலகல், அறுவைச் சிகிச்சை ஆகியவற்றின்பின் சில காலம் ஓய்வு தேவைப்படும். நீரிழிவுடையோருக்குத் தோள் இறுக்கம் மிகுதியாக வருகிறது. எனவே மருத்துவரையும் இயன்முறை மருத்துவரையும் அணுகாமல் எதையும் தொடங்கலாகாது. தொழுகை இறைவணக்கமே, அதைச் சிகிச்சைக்கு மாற்றாகக் கருதுதல் முறையன்று.

தக்பீரில் கையை உயர்த்துவது சுன்னத்து. இயன்ற அளவு உயர்த்தினால் போதும். நிற்க இயலாதவர் அமர்ந்தும், அதற்கும் இயலாதவர் ஒருக்களித்தும் தொழலாம் என்று நபி (ஸல்) அவர்கள் இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு வழிகாட்டியுள்ளார்கள். ஆகவே கூச்சத்திற்கு இடமில்லை.

முஃமின்களை ஓர் உடலுக்கு ஒப்பிட்ட நபி (ஸல்) அவர்கள், ஓர் உறுப்பு நோவுற்றால் உடல் முழுதும் உறக்கமின்மையாலும் காய்ச்சலாலும் அதனுடன் பங்குகொள்ளும் என்றார்கள். தோளின் நோவுக்குக் காலும் இடுப்பும் துணைநிற்பதுபோல, அப்பெரியவருக்கு நாம் துணைநிற்போம். மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம். பயிற்சி நேரத்தில் உடனிருப்போம். ஸஃப்பில் அவருக்குரிய இடத்தை அன்போடு காத்து வைப்போம். அல்லாஹ் அனைவருக்கும் பூரண ஷிஃபாவை அருள்வானாக! ஆமீன்.