நாதுலா: ஏறும் வண்டியும் திறக்கும் வாயிலும்

சிக்கிமின் தலைநகரான காங்டாக்கிலிருந்து கிழக்கே ஏறத்தாழ 55 கிலோமீட்டர் தொலைவில் நாதுலா இருக்கிறது. ‘லா’ என்னும் திபெத்தியச் சொல்லுக்குக் கணவாய் என்று பொருள். சுமார் 4,300 மீட்டர் உயரமுள்ள இக்கணவாய்க்கு அப்பால் இருப்பது திபெத்தின் சும்பிப் பள்ளத்தாக்கு. லாசாவிலிருந்து கம்பளி மூட்டைகளைக் கோவேறு கழுதைகள் சுமந்து வந்த பழைய வாணிக வழிகளுள் இதுவும் ஒன்று.

அந்நாளில் இமயத்தை எந்த மோட்டார் வண்டியும் ஓடிக் கடந்ததில்லை. பதின்மூன்றாம் தலாய் லாமாவுக்காக வாங்கிய ஆஸ்டின் கார்கள் இரண்டும் டாட்ஜ் கார் ஒன்றும் பகுதி பகுதியாகக் கழற்றப்பட்டு, மலைவழியே சுமந்து செல்லப்பட்டு, திபெத்தில் மீண்டும் பூட்டப்பட்டன.

1958-இல் காங்டாக்கிலிருந்து மோட்டார் சாலை அமைந்தபோதும், அது கணவாய்க்குச் சற்றுக் கீழே ஷெரதாங் வரையே எட்டியது. அவ்வாண்டு நாதுலா வழியாகப் பூடான் சென்ற பிரதமர் நேருவும் குதிரையிலும் யாக்கிலும் ஏறியே பயணம் செய்தார்.

இத்தகைய பாதையில்தான் ஜீப்பின் அருமை விளங்கும். சாதாரண வண்டியில் எஞ்சினின் விசை இரண்டு சக்கரங்களுக்கே செல்லும்; அவை பனியில் வழுக்கினால் வண்டி நின்றுவிடும். ஜீப்பிலோ நான்கு சக்கரங்களும் நிலத்தைப் பற்றி இழுக்கும். ஆயினும் அவ்வுயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் ஐந்தில் மூன்று பங்கே. நமக்கு மூச்சு வாங்குவது போல எஞ்சினும் வலுக்குன்றும். தாழ்ந்த கியரில், அவசரமின்றி ஏற்றுவதே ஓட்டுநரின் திறமை.

வண்டி வென்ற உயரத்தை அரசியல் மூடிற்று. 1962 போருக்குப்பின் எல்லை அடைபட்டது. 1967-இல் இங்கேயே இரு படைகளும் மோதின. 1975-இல் சிக்கிம் இந்திய மாநிலமாயிற்று. 44 ஆண்டுகள் மூடிக் கிடந்த வாயில் 2006 ஜூலை 6 அன்று திறந்தது. அனுமதி பெற்ற வணிகரின் வண்டிகள், ஒரு திருகாணியும் கழற்றப்படாமல், அப்பாலுள்ள ரிஞ்சென்காங் சந்தைக்குச் சென்றன. 2015 முதல் கைலாச யாத்திரிகர்களும் இவ்வழியே சென்றனர். 2017-இல் டோக்லாம் பூசலால் யாத்திரை தடைபட்டது. 2020-இல் கொரோனாத் தொற்றால் மீண்டும் நின்றது. 2025-இல் மறுபடி தொடங்கியது.

கொல்கத்தாவிலும் சிலிகுரியிலும் வாழும் நம்மவர் காங்டாக் செல்லும்போது, அனுமதிச் சீட்டுப் பெற்று இவ்வுச்சியைக் கண்டு வருவதுண்டு. ஜீப் நம்மைக் கம்பிவேலி வரை கொண்டு சேர்க்கிறது. அதற்கப்பால் உள்ள சில அடித் தூரத்தை இரு அரசுகளின் இசைவே கடக்கவைக்கும்.