பழவேற்காட்டுக்குக் கேட்காத எஞ்சின்

ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் விடும் நாள் என்றால், கடலில் இன்ன எல்லைக்குள் போகாதீர்கள் என்று பழவேற்காட்டு மீனவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள். கரையில் நின்று பார்த்தால் வடக்கே சுடர் எழும்பும், சத்தம் உடனே வராது. ஏவுதளம் ஏறத்தாழ 35 கிலோமீட்டர் தள்ளி. ஓசை பழவேற்காடு ஏரியைக் கடந்து வர ஏறத்தாழ 100 நொடி பிடிக்கும். படகுப் பலகை அதிர அது வந்து சேரும் வேளையில், பி.எஸ்.எல்.வி. 50 கிலோமீட்டர் உயரத்தை நெருங்கியிருக்கும். இரண்டாம் கட்டத்தின் விகாஸ் எஞ்சின் பற்றிக்கொள்ளப் போகும். அதன் ஓசை எந்தக் குப்பத்துக்கும் கேட்காது.

விகாஸ் வந்த வழி நெடியது. 1974இல் பிரான்சின் எஸ்.இ.பி. நிறுவனத்தோடு இஸ்ரோ ஒப்பந்தம் செய்தது. காசுக்குப் பதில் உழைப்பு. நம் பொறியாளர்கள் வெர்னான் நகரில் வைக்கிங் எஞ்சினுக்காகப் பாடுபட்டார்கள். ஈடாகத் தொழில்நுட்பம் கிடைத்தது. குழுவுக்குத் தலைமை நம்பி நாராயணன், நாகர்கோவில்காரர்.

1980 மே 23 அன்று, கூரூ ஏவுதளத்திலிருந்து கிளம்பிய இரண்டாவது ஏரியன் ராக்கெட் அட்லாண்டிக்கில் விழுந்தது. நான்கு வைக்கிங் எஞ்சின்களில் ஒன்றில் எரிப்பு நிலைகுலைந்திருந்தது. அழுத்தம் ஏறும் கணத்திலேயே வெப்பமும் ஏறினால், எரிப்பறையின் ஓசை தீயிலிருந்தே தீனி எடுத்து வளரும். இயற்பியலாளர் ராலே 1878இல் சொன்ன விதி இது. பிறகு எரிபொருளில் நூற்றுக்கு 25 பங்கு ஹைட்ரசின் ஹைட்ரேட் கலந்தார்கள். இன்று விகாஸ் எரிப்பதும் அந்தக் கலவையைத்தான்.

ஆனால் எல்லா அதிர்வும் தேய்ந்துவிடும் என்று கணக்கு சொன்ன எரிப்பறையும் சில நேரம் அலறுகிறதே, ஏன்? கயிறு இழுக்கும் போட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். இரு பக்கமும் முழு பலத்தோடு இழுக்கும்போது கயிறு அசையாது. இரு பக்கமும் களைக்கிறது. ஒரு பக்கம் சீக்கிரம் களைத்துவிட்டால் கயிறு சரேலென ஓடுகிறது. மொத்த பலம் குறைந்துகொண்டே வர, அசைவு மட்டும் கூடுகிறது. எரிப்பறையிலும் ஒன்றையொன்று ஈடுகட்டி நிற்கும் அதிர்வுகள் வெவ்வேறு வேகத்தில் தேயும்போது, மொத்த ஆற்றல் கொஞ்ச நேரம் பெருகும். அந்தக் கொஞ்ச நேரத்தில் எல்லை தாண்டிவிட்டால் பிறகு அடங்காது.

சென்னை ஐ.ஐ.டி.யின் ஆர்.ஐ.சுஜித்தும் கௌஷிக் பாலசுப்ரமணியனும் 2008இல் இதைக் கணக்கிட்டுக் காட்டினார்கள். எடுத்துக்கொண்டது 1859ஆம் ஆண்டின் ரைக்கே குழாய்: செங்குத்தாக நிறுத்திய வெறும் குழாய், அடியிலிருந்து கால்வாசி உயரத்தில் சூடான கம்பிவலை. அவ்வளவுதான், தானாக ஊதும்.

எனவே "கடைசியில் அடங்கிவிடும்" என்ற ஒரு சொல்லை நம்பி எஞ்சினை மேலே அனுப்ப முடியாது. நாம் செய்த முதல் விகாஸ் 1985இல் வெர்னானில் எரிந்து காட்டியது. பிறகு வந்தவற்றைத் திருநெல்வேலிச் சீமையின் மகேந்திரகிரியில் எரித்துப் பார்க்கிறார்கள். ஒவ்வொரு சோதனையும் தேவையான செலவு.

அடுத்த முறை பி.எஸ்.எல்.வி. ஏறும்போது பழவேற்காட்டுக் கரையில் நில்லுங்கள். சுடர் தெரிந்ததும் எண்ணத் தொடங்குங்கள். நூறில் ஓசை வரும். நூற்றுப்பத்தில், மேலே, விகாஸ் எரியத் தொடங்கியிருக்கும்.