உள்ளச் சோர்வும் பினாங்கும்

நெஞ்சில் தோன்றும் துயரத்தைத் தமிழர் பண்டே ஆராய்ந்தனர். தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் அழுகையைக் கூறுமிடத்து, இழிவு, இழப்பு, பழைய நிலையினின்று தாழ்தல், வறுமை என அதற்கு நான்கு நிலைக்களன்களைக் காட்டுகிறார். ஆயின், புறத்தே காரணம் ஒன்றும் புலப்படாமலேயே வாரக்கணக்கில் நீடித்து, உறக்கத்தையும் பசியையும் ஊக்கத்தையும் கெடுக்கும் துயரமும் உண்டு. இதனை மருத்துவர் மனச்சோர்வு நோய் என்பர். இளமைப் பருவத்திலேயே பலரிடம் இது தலைகாட்டுகிறது. நோயென்று அறியப்படாத காலத்தில் சோம்பல் என்றும், பேய்க்கோளாறு என்றும், பைத்தியம் என்றும் இதனைக் கூறினர். இந்நோயாளரை அரசும் சமூகமும் நடத்திய வரலாற்றில் பினாங்குக்குத் தனியிடம் உண்டு.

முதற்கண் சட்டத்தைக் காண்போம். மெக்காலே தலைமையில் வரையப்பெற்ற இந்தியத் தண்டனைச் சட்டம் 1860இல் நிறைவேறியது. தன்னுயிரை மாய்க்க முயன்றோருக்கு ஓராண்டு வரை சிறை என்றது அதன் 309ஆம் பிரிவு. பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகியவை அடங்கிய நீரிணைக் குடியேற்றங்கள் அதனைப் பின்பற்றி 1871இல் தமக்கொரு சட்டம் இயற்றின. அக்காலத்தே பிறையைச் சூழ்ந்த வெல்லெஸ்லி மாகாணத்துக் கரும்புத் தோட்டங்களில் தமிழ் இளைஞர் ஒப்பந்தக் கூலிகளாய் உழைத்தனர். ஒப்பந்த முறை 1910இல்தான் ஒழிந்தது. ஊரையும் உறவையும் நீங்கி வந்த அவர்களுக்குத் தொல்காப்பியர் கூறிய நான்கும் ஒருங்கே நேர்ந்தன எனலாம். அத்துயர் தாங்காது சாவை நாடிப் பிழைத்தவன், சட்டத்தின் கண்ணில் நோயாளி அல்லன், குற்றவாளி.

அடுத்து மருத்துவத்தைக் காண்போம். பிறையிலிருந்து தெற்கே செல்லும் இருப்புப்பாதையில், ஈப்போவுக்குச் சற்று முன்னே உள்ள சிற்றூர் தஞ்சோங் ரம்புத்தான். அங்கே 1911இல் பெரிய மனநோய் மருத்துவமனை எழுந்தது. நாளடைவில் அவ்வூர்ப் பெயரே நாடெங்கும் ஏளனச் சொல்லாயிற்று. பின்னர் மருத்துவமனைக்கு மகிழ்ச்சி எனப் பொருள்படும் 'பகாகியா' என்னும் பெயர் சூட்டியும் அவ்வேளனம் மறையவில்லை. வாய் திறந்தால் தஞ்சோங் ரம்புத்தான், உயிரை வெறுத்தால் சிறை என்னும் அச்சம், சோர்வுற்ற இளைஞரை ஊமையாக்கியது.

1950களின் இறுதியில் இந்நிலை மாறத் தொடங்கியது. சுவிட்சர்லாந்து மருத்துவர் ரோலண்டு கூன், இமிப்ரமின் என்னும் மருந்து மனச்சோர்வைத் தணிப்பதை 1957இல் வெளியிட்டார். ஏறத்தாழ அதே காலத்தில் பினாங்குப் பொது மருத்துவமனையில் மனநோய்ப் பிரிவு தொடங்கியது. பொது மருத்துவமனை ஒன்றில் அமைந்த அத்தகைய பிரிவு மலாயாவில் அதுவே முதலாவது. காய்ச்சலுக்குச் செல்லும் அதே வாயில் வழியாக மனநோயாளரும் செல்லலாயினர். மதில் சூழ்ந்த தனியிடத்தைவிட இது எத்துணை எளிது!

சட்டமோ மெல்லவே அசைந்தது. தற்கொலை முயற்சியைக் குற்றமெனக் கொண்ட முறையை இங்கிலாந்து 1961இல் கைவிட்டது. இலங்கை 1998இல் நீக்கியது. சிங்கப்பூரில் 2020இல் அது மறைந்தது. மலேசியா 309ஆம் பிரிவை நீக்கியது 2023இல். 1871இல் பினாங்கில் வேரூன்றிய விதி, ஒன்றரை நூற்றாண்டு கடந்தே வீழ்ந்தது.

நோய் குறைந்துவிட்டதோ எனின், இல்லை. நாட்டின் நலவாழ்வு ஆய்வின்படி 2019இல் வளர்ந்தோரில் நூற்றுக்கு 2.3 பேர் மனச்சோர்வுற்றிருந்தனர்; 2023இல் 16 வயதும் அதற்கு மேலும் உள்ளோரிடையே அது 4.6 ஆயிற்று. இளையோரே மிகுதியும் பாதிக்கப்பட்டிருந்தனர். தோட்டங்களை விட்டுப் பிறையின் தொழிற்சாலைகளுக்குப் பெயர்ந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கும் இதிலிருந்து விலக்கில்லை.

மருந்து உண்டு, மனந்திறந்து பேசி ஆற்றும் முறையும் உண்டு, 15555 என்னும் அரசின் உதவி எண்ணும் உண்டு. ஆயினும் நம் வீடுகளில் 'சோம்பேறி', 'பைத்தியம்' என்னும் பழஞ்சொற்கள் இன்னும் வழங்குகின்றன. படிப்பை முடித்துச் சென்ற மாணவன் ஒருவன் வேலையை விட்டு அறையில் முடங்கிக் கிடக்கிறான் எனக் கேள்வியுறும் ஆசிரியர், அவனைக் கடிவதற்கு முன் அவன் உறங்குகிறானா, உண்கிறானா என்று வினவுதல் வேண்டும். விடை கவலை தருவதாயின், பெற்றோருக்கு எடுத்துரைத்து அவனை மருத்துவரிடம் அனுப்புதல் வேண்டும். முன்னோர்க்கு வாய்க்காத அவ்வழி இன்று திறந்திருக்கிறது.