காசு வாங்கிய டிராமும் ஏற்ற மறுத்த வண்டியும்

மும்பை ஆணிக் பஸ் டிப்போவில் ஒரு போக்குவரத்து அருங்காட்சியகம் இருக்கிறது. பெஸ்ட் நிறுவனத்துடையது. 1984இல் குர்லா டிப்போவில் தொடங்கப்பட்டு, 1993இல் ஆணிக்குக் கொண்டுவரப்பட்டது. தாராவியிலிருந்து அதிக தூரமில்லை. போன முறை மும்பை சென்றபோது, தாராவியில் மாலை வகுப்பு நடத்தும் தோழர் ஒருவரோடும் அவருடைய மாணவர்கள் ஆறு பேரோடும் அங்கே போனேன். அந்தப் பிள்ளைகளின் பூட்டன்மார் திருநெல்வேலிச் சீமையிலிருந்து தாராவியின் தோல் பதனிடும் கூடங்களுக்கு வேலை தேடி வந்தவர்கள்.

குதிரை டிராம், மின்சார டிராம், மாடிப் பேருந்து ஆகியவற்றின் சிறு மாதிரிகள், பழைய டிக்கெட்டுகள், புகைப்படங்கள் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தோம். குதிரை டிராம் முன்னால் நின்ற ஒரு மாணவி என்னிடம் கேட்டாள்: “அக்கா, இதுல நம்ம ஆளுங்கள ஏத்துவாங்களா?”

அங்கேயே அவளுக்கு ஒரு பதில் சொன்னேன். ஆனால் அது முழுப் பதில் இல்லை என்பது எனக்கே தெரிந்தது. மீதியை இங்கே எழுதுகிறேன்.

பம்பாயில் முதல் குதிரை டிராம் 1874 மே 9 அன்று ஓடியது. கொலாபாவிலிருந்து பைதோனி வரை ஒரு தடம், போரி பந்தரிலிருந்து பைதோனி வரை இன்னொரு தடம். கட்டணம் 3 அணா. கூலிக்காரருக்கு அது சின்னத் தொகை அல்ல. பிறகுதான் குறைத்தார்கள். 1907 மே 7 அன்று மின்சார டிராம் வந்தது. 1926 ஜூலை 15 அன்று ஆப்கன் சர்ச்சிலிருந்து கிராஃபர்டு மார்க்கெட்டுக்கு முதல் பேருந்து ஓடியது. 1937இல் மாடிப் பேருந்து. 1964 மார்ச் 31 இரவு கடைசி டிராம் போரி பந்தரிலிருந்து தாதருக்குப் போய் நின்றது.

டிராமை ஓட்டியது லாபத்துக்கு நடந்த கம்பெனி. காசு கொடுத்தவருக்கு இடம் என்பதே அதன் கணக்கு. சாதி பார்த்து ஆளை இறக்கிவிட்டால் நஷ்டம் கம்பெனிக்குத்தான். நாலு சாதிக்காரர்கள் ஒரே பெஞ்சில் நெருக்கியடித்து உட்கார நேர்ந்தது அதனால்தான். அதற்குப் பின்னால் சமத்துவ எண்ணம் எதுவும் இல்லை. அந்த மாணவியிடம் நான் சொன்னதும் இவ்வளவுதான்: “காசு இருந்தா ஏத்தியிருப்பாங்க.”

இப்போது அதே மாகாணத்தில் நடந்த இன்னொரு பயணத்தைப் பாருங்கள். 1901 வாக்கில், ஒன்பது, பத்து வயதுச் சிறுவனாக இருந்த பீமராவ் தன் அண்ணனோடும் அக்கா பிள்ளைகளோடும் சதாராவிலிருந்து கோரேகானில் வேலை பார்த்த அப்பாவைப் பார்க்கப் புறப்பட்டார். மசூர் ஸ்டேஷன் வரை ரயில். ரயிலில் ஒரு தொந்தரவும் இல்லை. இறங்கிய பிறகு மாட்டு வண்டி வேண்டும். பிள்ளைகள் மகர் என்று தெரிந்ததும் எந்த வண்டிக்காரரும் ஏற்ற முன்வரவில்லை. கடைசியில் இரட்டைக் கூலி கொடுத்து, பிள்ளைகளே மாட்டை ஓட்டிக்கொண்டு போக, வண்டிக்காரர் கீழே நடந்து வருவது என்று பேசி முடித்தார்கள். வழியில் குடிக்கத் தண்ணீர்கூடக் கிடைக்கவில்லை. ‘வெயிட்டிங் ஃபார் எ விசா’ என்ற தன்வரலாற்றுக் குறிப்பில் பாபாசாகேப் அம்பேத்கர் இதை எழுதியிருக்கிறார். படிக்காதவர்கள் இந்த வாரமே படித்துவிடுங்கள், சிறு நூல்தான்.

இங்கே காசு இல்லாமல் போகவில்லை. இரண்டு மடங்கு கொடுத்தார்கள். வண்டிக்காரர் காசையும் வாங்கிக்கொண்டார், தீட்டையும் காப்பாற்றிக்கொண்டார். அப்படியானால் டிராமில் உட்கார வைத்தது காசு மட்டும்தான் என்ற என் பதில் இங்கே உதவவில்லை.

அதே நூலில் 1929இல் நடந்த ஒரு சம்பவமும் உண்டு. அப்போது அவர் பாரிஸ்டர் பட்டம் பெற்றவர், சட்டமன்ற மேலவை உறுப்பினர், தாழ்த்தப்பட்டோரின் குறைகளை விசாரிக்க பம்பாய் அரசு அமைத்த குழுவில் ஒருவர். சாலிஸ்கானில் இறங்கியபோது எந்த டோங்காக்காரரும் அவரை ஏற்றிக்கொண்டு ஓட்டச் சம்மதிக்கவில்லை. மகர் மக்கள் டோங்காவை வாடகைக்கு எடுத்து, ஓட்டிப் பழக்கமில்லாத தங்களில் ஒருவரையே ஓட்ட வைத்தார்கள். பாலத்தின் அருகே வண்டி மோதி, அம்பேத்கர் தூக்கி எறியப்பட்டார். கால் எலும்பு முறிந்தது. பம்பாயில் மோட்டார் பேருந்து ஓடத் தொடங்கி அப்போது மூன்று வருடம் ஆகிவிட்டது.

சரி, நகரத்துக்குள் வந்துவிட்டால் விடுதலையா? அதுவும் இல்லை. டிராமில் பக்கத்தில் உட்கார்ந்து வந்த தொழிலாளி ஆலை வாசலைத் தாண்டியதும் வேறு ஆளாகிவிடுவார். பம்பாய்ப் பஞ்சாலைகளில் கூலி அதிகமுள்ள நெசவுப் பிரிவில் தீண்டப்படாதோரைச் சேர்ப்பதில்லை. நூல் அறுந்தால் வாயால் உறிஞ்சி நாடாவில் கோக்க வேண்டும், எச்சில் பட்டுவிடும் என்று காரணம் சொன்னார்கள். 1928 ஆலை வேலைநிறுத்தத்தின்போது அம்பேத்கர் இந்தக் கேள்வியைத் தொழிற்சங்கத் தலைவர்களின் முன் வைத்தார். இயந்திரம் வந்தால் சாதி தானாகப் போய்விடும் என்று இன்றும் சிலர் சொல்கிறார்கள். டிராமும் இயந்திரம்தான், தறியும் இயந்திரம்தான். ஒன்றில் இடம் கிடைத்தது, மற்றொன்றில் கிடைக்கவில்லை.

இனி அந்தப் பிள்ளைகளின் பூட்டன்மார் விட்டு வந்த தெற்குச் சீமைக்கு வருவோம். அங்கேயும் மோட்டார் பஸ் வந்தது. ஆனால் ராமநாதபுரம் மாவட்டத்தில் தனியார் பஸ் முதலாளிகள் தாழ்த்தப்பட்டோரை ஏற்ற மறுத்தார்கள். கம்பெனி லாபக் கணக்கு இங்கே வேலை செய்யவில்லை, ஏனென்றால் சேரிக்காரர் ஏறினால் ஊர்க்காரர் ஏற மாட்டார் என்பதும் ஒரு லாபக் கணக்குதான். மாவட்டக் கழகத் தலைவராக இருந்த சுயமரியாதை இயக்கத் தலைவர் ஊ.பு.அ. சௌந்தரபாண்டியனார், தாழ்த்தப்பட்டோரை ஏற்றாத பஸ்ஸின் உரிமம் ரத்து செய்யப்படும் என்று உத்தரவு போட்டார். அதன் பிறகுதான் கதவு திறந்தது. சென்னைப் பாண்டி பஜார் இவர் பெயரில் இருப்பதுதான். அங்கே துணி எடுக்கப் போகிறவர்களில் எத்தனை பேருக்கு இந்த உத்தரவு தெரியும்?

சுதந்திரத்துக்குப் பிறகு 1955இல் தீண்டாமைக் குற்றச் சட்டம் வந்தது. பொது வாகனத்தில் ஏற விடாமல் தடுப்பது அதன் 4ஆம் பிரிவின்படி தண்டனைக்குரிய குற்றம். ஏறும் உரிமை இப்படி எழுத்தில் வந்தது.

ஏறினோம், உட்கார்ந்தோம். நம் பெயரை வண்டியில் எழுத முடிந்ததா? 1997இல் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட அரசுப் போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கத்தின் பெயரைத் தமிழக அரசு வைத்தது. கட்டபொம்மனின் படைத்தளபதி அவர், பட்டியல் சாதியில் பிறந்தவர். கட்டபொம்மன் பெயரில் பேருந்து ஓடியபோது யாருக்கும் கோபம் வரவில்லை. அவருடைய தளபதி பெயரில் ஓடப்போகிறது என்றதும் தென்மாவட்டங்களில் கலவரம் வெடித்தது. உயிர்கள் போயின. கடைசியில் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் எல்லாத் தலைவர்களின் பெயர்களையும் அரசு நீக்கிவிட்டது. சேரன், பாண்டியன், கட்டபொம்மன் எல்லாம் வண்டியிலிருந்து இறங்கியதற்குக் காரணம் இதுதான். இன்றைய கல்லூரி மாணவர்கள் பலருக்கு இது தெரியாது.

ஆக, அந்த மாணவிக்கு என் முழுப் பதில் இது. தங்கச்சி, வண்டி தானாக நம்மை ஏற்றவில்லை. காசு சில இடங்களில் ஏற்றியது, பல இடங்களில் ஏற்றவில்லை. உரிமம் போய்விடும் என்ற பயம் ஏற்றியது. சட்டம் ஏற்றியது. வண்டி பொதுச் சொத்தானது ஏற்றியது. இதற்கெல்லாம் பின்னால் நம் ஆட்கள் சாலையில் நின்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

அந்தப் பொதுச் சொத்து என்பதையும் கவனியுங்கள். 1947 ஆகஸ்ட் 7 அன்று பெஸ்ட் தனியார் கையிலிருந்து பம்பாய் மாநகராட்சியின் கைக்கு வந்தது. இன்றோ அதன் சொந்தப் பேருந்துகள் குறைந்து, ஒப்பந்த நிறுவனங்களின் வண்டிகள் பெருகிவிட்டன. 2019இல் 5 ரூபாயாகக் குறைக்கப்பட்ட குறைந்தபட்சக் கட்டணம் 2025 மே மாதத்தில் 10 ரூபாயானது. இதைப் பயணிகளின் பிரச்சினையாக மட்டும் பார்க்காதீர்கள். அரசுக் கழகத்தில் ஓட்டுநர், நடத்துநர் வேலைக்கு இட ஒதுக்கீடு உண்டு. ஒப்பந்தக்காரரிடம் அது கிடையாது. ஏறும் உரிமையை வாங்கித் தந்தவர்களின் பேரப்பிள்ளைகள் ஓட்டும் வேலையைச் சத்தமில்லாமல் இழக்கிறார்கள்.

அருங்காட்சியகத்தில் வண்டியை வைக்கலாம், டிக்கெட்டை வைக்கலாம். பக்கத்து இருக்கையில் நடந்ததை எந்தக் கண்ணாடிப் பெட்டியிலும் வைக்க முடியாது. அது நம் வீட்டுப் பெரியவர்களிடம்தான் இருக்கிறது. முதல் தடவை பஸ் ஏறியது எப்போது, எங்கே உட்கார்ந்தீர்கள், யாராவது எழுந்து போனார்களா, கண்டக்டர் டிக்கெட்டைக் கையில் கொடுத்தாரா, மேலே போட்டாரா என்று உங்கள் அப்பத்தாவிடம், தாத்தாவிடம் கேளுங்கள். செல்போனில் பதிவு செய்யுங்கள். ஊர், வருடம், தடம் மூன்றையும் மறக்காமல் குறித்து வையுங்கள்.

தாராவிப் பிள்ளைகள் ஆறு பேரும் ஆரம்பித்துவிட்டார்கள். நீங்களும் ஆரம்பியுங்கள்.

ஜெய்பீம்.